வழித்துணையும் வழிமறிப்பும்

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1974இல் அவரும் டேவ் ஆர்னெசன் என்ற நண்பரும் சேர்ந்து ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, பகடையை உருட்டி, ஒருவன் தன்னை வாள்வீரன் என்றும் இன்னொருவன் மந்திரவாதி என்றும் பாவித்துக்கொண்டு, எங்குமே இல்லாத ஓர் உலகத்தில் யாத்திரை போகிற விளையாட்டு. உலகம் என்று ஒன்றைச் சிருஷ்டித்துவிட்டால் அதற்குத் தெய்வங்கள் வேண்டாமா? கைகாக்ஸ் தம்முடைய கற்பனை உலகத்துக்கு ஒரு கூட்டம் தெய்வங்களையும் படைத்தார். அவற்றுள் சாலைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உரிய சாமிக்குப் பெயர் ஃபார்லாங்கன். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு நம் ரோட்டோரத்துப் பர்லாங்குக் கல்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சாமியிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்றத் தெய்வங்களைப் போல இவர் மேலுலகத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. சுருங்கிய தோலும் கையில் தடியுமாக ஒரு கிழவர் வேஷத்தில் அந்த உலகத்துச் சாலைகளில் நடந்துகொண்டே இருக்கிறார். தொடுவானத்தில் குடியிருப்பவர் என்று அவருக்கு ஒரு பட்டம். தொடுவானத்துக்கு யார் போய்ச் சேர முடியும்? ஆகையால் அவரும் போய்க்கொண்டே இருக்கிறார்.

"முப்பத்து முக்கோடி தேவர்கள் இருக்கிற நாட்டில் பிறந்துவிட்டு, பகடை விளையாட்டுச் சாமியைப் பற்றி எழுத வந்துவிட்டீரே!" என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பொம்மைச் சாமிக்குத் தெரிந்த ஒரு சங்கதி நம்முடைய கோயில் கமிட்டிக்காரர்களுக்குத் தெரியவில்லை. வழிக்குச் சாமியாக இருக்கிறவர் வழியை விட்டு விலகி நிற்க வேண்டும்.

சேக்காட்டுப் பக்கம் வந்து பாருங்கள். ஆவடியை ஒட்டிய ஊர். கிராமமாக இருந்தது, நகரமாயிற்று, 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனபோது மாநகரமே ஆகிவிட்டது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் எதை எடுத்துக்கொண்டாலும், அரை மைல் நடப்பதற்குள் ஒரு வழித்துணை விநாயகரையாவது, பாதாள முனியையாவது, வேப்பமரத்து அம்மனையாவது சந்திக்காமல் தப்ப முடியாது. எங்கே இருக்கிறார்கள்? நடைபாதையின் மேலே இருக்கிறார்கள். முதலில் ஒரு செங்கல் மேடை. அதன் மேல் ஒன்றரை அடிப் பிள்ளையார். அடுத்த ஆண்டு தலைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை. அதற்கடுத்த ஆண்டு கம்பிக் கதவு, வழவழவென்று டைல்ஸ், ஒரு குழல் விளக்கு, பூட்டுப் போட்ட உண்டியல். மூன்றாம் ஆண்டு கும்பாபிஷேகம், ஒலிபெருக்கி. நான்காம் ஆண்டு பக்கத்தில் ஒரு பூக்கடை. அதற்கு மாத வாடகை உண்டு. அது யாருக்குப் போகிறது என்று கேட்கிறவனுக்குத் தெருவில் நல்ல பெயர் இருக்காது. இத்தனையும் ஆன பிறகு நடக்கிறவனுக்கு மிச்சம் என்ன? காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற தாயார், வழித்துணை விநாயகர் இருக்கிற இடத்துக்கு வந்ததும் நடைபாதையை விட்டு இறங்கி, தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே நாலு எட்டு ஓடி, மறுபடி மேலே ஏறுகிறாள். ஏறியதும் திரும்பி விநாயகரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். ஆபத்து வந்ததே அவரைச் சுற்றிக்கொண்டு போனதால்தான் என்பது அவளுக்குத் தோன்றுவதில்லை. அவள் மேல் எனக்குக் குறையில்லை. மேடை கட்டினவர்கள் மேல்தான்.

இதைச் சொன்னவுடனே ஒரு பதில் தயாராக வரும். "இது நம் பண்பாடு. வழிச்சாமி இல்லாத சாலை தமிழ்நாட்டில் என்றைக்கு இருந்தது?" என்பார்கள். நல்ல கேள்வி. பண்பாட்டையே பார்த்துவிடலாம். அதற்காகத் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் போக வேண்டியதில்லை. சேக்காட்டுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்திலும் மேற்கே கொஞ்சம் கூடுதல் தூரத்திலும் சாட்சிகள் இருக்கிறார்கள்.

கிழக்கே திருமுல்லைவாயில். தொண்டைமான் குறும்பர்களோடு போருக்குப் போன இடத்தில் அவனுடைய யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது. வாளால் கொடியை வெட்டினான். கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்தது. ரத்தம் கண்டு பதறித் தன் உயிரையே மாய்த்துக்கொள்ளப் போனான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதன் பின்பாதிதான் நமக்கு வேண்டும். இறைவன் அவனுக்குப் பொன் கொடுக்கவில்லை, படை கொடுக்கவில்லை. "போகிற வழிக்குத் துணை" என்று தம் வாசலில் படுத்திருந்த நந்தியை அனுப்பி வைத்தார். சிவன் கோயில்களில் பெரும்பாலும் நந்தி சுவாமியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். திருமுல்லைவாயிலிலோ முதுகைக் காட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. புறப்படத் தயாராக இருக்கிறதாம்! வழித்துணை என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல படம் ஒன்று போட எந்தச் சித்திரக்காரனாலும் ஆகாது. அது வெளியே போய் இன்னொருவனோடு நடக்கிற துணை. நடுவழியில் உட்கார்ந்துகொண்டு, "என்னைக் கும்பிட்டுவிட்டு அப்புறம் போ" என்று சொல்லுகிற துணை இல்லை.

மேற்கே பூண்டி. அந்தக் கதையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போய்விட்டன. கண் தெரியாமல் தட்டித் தடவி மேற்கே நடந்து திருமுல்லைவாயில் வந்தார், அங்கே பாடினார், மறுபடி நடந்து திருவெண்பாக்கம் சேர்ந்தார். அதாவது இன்றைக்குச் சி.டி.எச். ரோடு என்று நாம் சொல்லுகிற இந்தத் திசையில்தான், சேக்காட்டை அடுத்தோ விலகியோ, குருடராக ஒரு மனிதர் நடந்து போயிருக்கிறார். இதைப் பெரிய புராணத்தில் எழுதின சேக்கிழாரோ பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். இந்தப் பக்கத்து மேடும் பள்ளமும் அவருக்குத் தெரியாதவை அல்ல.

திருவெண்பாக்கத்தில் இறைவன் என்ன செய்தார்? கண்ணைக் கொடுத்தாரா? இல்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்து, தாம் இருப்பதாகவும் சுந்தரர் மேலே போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அதனால் ஊன்றீசுவரர் என்று பெயர். சுந்தரருக்கு இது போதவில்லை. கோபத்தில் கோலை வீசினார், அது நந்தியின் கொம்பில் பட்டு ஒடிந்தது என்று உள்ளூரில் சொல்வார்கள். கொம்பு குறைந்த நந்தியையும் காட்டுவார்கள். அந்த இடத்து அம்மனுக்கு மின்னொளி அம்பாள் என்று பெயர். கண்ணில்லாத யாத்திரிகனுக்கு மின்னலாக நின்று வழி காட்டினாளாம். கண் தெரியாதவனுக்கு மின்னல் எதற்கு என்று குதர்க்கம் பேசலாம். எனக்கும் பேசத் தோன்றியதுண்டு. ஆனால் கதை கட்டினவன் மனசு எதன் மேல் இருந்தது என்று பாருங்கள். நடக்கிறவனுக்கு என்ன தேவை? கூட ஒரு ஆள், கையில் ஒரு கோல், இருட்டில் ஒரு வெளிச்சம். இந்தப் பாதையின் தெய்வங்கள் அந்த மூன்றையும் கொடுத்துவிட்டு, "போய் வா" என்று சொல்லியிருக்கின்றன. ஒன்றுகூட அவனை நிறுத்தி வைத்துக்கொள்ளவில்லை.

தெற்கே பூந்தமல்லி வழியாகப் பெங்களூர்ச் சாலையைப் பிடித்தால், வேலூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் இருக்கிறது. அங்கே சுவாமியின் பெயரே மார்க்கபந்து, தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு போன வியாபாரி ஒருவன் திருடர் பயத்தால் வேண்டிக்கொள்ள, சுவாமி காவல்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு அவனோடு கூடவே போனாராம். அப்பய்ய தீட்சிதர் மார்க்கபந்துவின் மேல் ஸ்தோத்திரம் செய்திருக்கிறார். பிரயாணம் புறப்படும்போது அதைச் சொல்லுகிற வீடுகள் இன்னும் உண்டு. அங்கேயும் கதை அதேதான். கோயில் ஊருக்குள் இருக்கிறது. துணை சாலைக்கு வந்தது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனாலும் விஷயம் மாறவில்லை. ரிக்வேதத்தில் பூஷன் என்று ஒரு தேவன். பாதைகளுக்குக் காவல்காரன். வழியில் ஓநாயும் திருடனும் வந்தால் விரட்டுவான். காணாமற்போன மாட்டைத் தேடிக் கொடுப்பான். செத்துப்போனவனுக்குக்கூட மேலுலகத்துக்கு வழி காட்டுவான். அவன் தேரை இழுப்பவை ஆடுகள்! தட்சன் யாகத்தில் வீரபத்திரரிடம் அடி வாங்கிப் பல்லெல்லாம் கொட்டிப்போனதால் அவனுக்குக் கூழ்தான் நைவேத்தியம். ஆட்டு வண்டியில் கூழ் குடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற பல்லில்லாத தெய்வம். கைகாக்ஸ் தலைகீழாக நின்றாலும் இப்படி ஒன்றைக் கற்பனை செய்திருக்க முடியாது. பூஷனுக்கு இன்று கோயில் எங்கே? அவனும் போய்க்கொண்டே இருந்துவிட்டான் போலிருக்கிறது.

கிரேக்கர்களின் ஹெர்மீஸ் வழிப்போக்கர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டுமல்ல, திருடர்களுக்கும் தெய்வம். இதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் களைத்துப்போய் உட்காருகிற இடம் கொற்றவை கோயில். அது யாருடைய கோயில்? வழிப்பறி செய்கிற எயினர்களுடையது. கொள்ளைக்குப் புறப்படுமுன் அவர்கள் கும்பிடுகிற அம்மன் அவள். ஆகையால் வழிச்சாமியைக் கும்பிடுகிறவன் எல்லாம் வழிப்போக்கனின் சிநேகிதன் என்று நம் முன்னோர் ஒரு நாளும் ஏமாந்துவிடவில்லை. நடைபாதையில் ஆறடிக்கு ஆறடி இடத்தைச் செங்கல் வைத்து எடுத்துக்கொள்கிறவனையும் அந்தப் பழைய எயினர் வரிசையில்தான் நான் சேர்ப்பேன். எயினனாவது வில்லை எடுத்துக்கொண்டு நேரில் வந்தான்; இவன் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறான்.

சாமி மட்டும் அல்ல, மனிதர்களும் வழிக்குத் தருமம் செய்த தேசம் இது. சுமைதாங்கிக் கல்லை இன்றைய பிள்ளைகள் பார்த்திருப்பார்களோ, மாட்டார்களோ. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், மறுபடி தலைக்கு வாங்கவும் தோதான உயரம். கர்ப்பிணியாக இருந்து பிரசவிக்காமல் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, வழியில் போகிற யாரோ ஒருவன் தன் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று அந்த வீட்டார் நினைத்தார்கள். அந்தக் கல்லில் சாமி இல்லை. மந்திரம் இல்லை. ஆனாலும் நான் அறிந்த வழிபாடுகளில் இதைவிடப் பெரியது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாலையை அகலப்படுத்தினபோது அந்தக் கற்களைப் பிடுங்கிப் போட்டார்கள். எவரும் மறியல் செய்யவில்லை. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் வைத்த தண்ணீர்ப் பந்தலைப் பற்றி மேடையில் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். பஸ் நிலையத்தில் தண்ணீர்க் குழாய் வறண்டு கிடந்தால் இருபது ரூபாய் கொடுத்துப் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறோம். நிழல் மரத்தை வெட்டின இடத்தில் நிழற்குடை வந்தது. அதிலும் பாதியை விளம்பரத் தட்டி மறைத்துக்கொண்டது. வழித்துணையில் இருந்த துணையையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் பிம்பத்தை மட்டும் காப்பாற்றுவதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தால் எப்படி ஒத்துக்கொள்வது?

சென்னையில் பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் இருக்கிறார். கவர்னருடைய மெய்க்காப்பாளர் குடியிருப்பை ஒட்டி இருந்ததால் வந்த பெயர். புது வண்டி வாங்கினவர்கள் நேரே அங்கே ஓட்டிக்கொண்டு போய் மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். சாராயமும் சுருட்டும் படைப்பதுண்டு. நாகரிகஸ்தர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்த முனீஸ்வரரிடம் மரியாதைதான். தாம் யாருக்குச் சாமி என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. அவர் வண்டிக்குச் சாமி. எலுமிச்சம்பழத்தை நசுக்குவதற்கு என்ன அர்த்தம்? இந்தச் சக்கரம் நசுக்க வேண்டியதை நசுக்கிவிட்டது, இனிமேல் வேறு எதன் மேலும் ஏறாது என்பதுதானே? அந்த அர்த்தம் ஓட்டுகிறவன் மனசில் தங்கினால் நல்லது. தங்குவதாகத் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய சர்க்காரின் கணக்கு. அவர்களில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். ஒரு நாளைக்குத் தொண்ணூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் எது தெரியுமா? 64,105 விபத்துகளோடு நம் தமிழ்நாடு! உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அரை மைலுக்கு ஒரு வழித்துணை இருக்கிற நாட்டில் இப்படி.

இங்கே என் பகுத்தறிவு நண்பர்கள் துள்ளி எழுந்து, "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! சாமியைத் தூக்கிவிட்டால் சாலை சரியாகிவிடும்!" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். சாமி இல்லாத நடைபாதையில் மட்டும் நடக்க முடிகிறதா? அங்கே கட்சிக் கொடிக்கம்பம் இருக்கிறது. தலைவர் சிலை இருக்கிறது. மின்சார டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அடுப்பும் பெஞ்சும் போட்ட டீக்கடை இருக்கிறது. மெக்கானிக் ஷாப்பின் வயிறு பிளந்த மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் நடுரோட்டில் வைத்த பானர் விழுந்து ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தாளே, அந்தப் பானரில் எந்தச் சாமி இருந்தது? ஆவடியில் 1955இல் கூடின காங்கிரஸ் மகாசபை சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அது தேசத்துக்கு எவ்வளவு வந்ததோ, எனக்குத் தெரிந்து ஆவடி நடைபாதைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கார் வைத்திருப்பவனுக்கு முழு ரோடு, நடக்கிறவனுக்குச் சாக்கடை மூடி என்ற பாகப்பிரிவினைதான் நடக்கிறது. ஆகையால் நாஸ்திகர்கள் இதில் சந்தோஷப்பட இடமில்லை. நான் சாமிக்கு எதிராக வழக்காடவில்லை. சாமியின் பெயரைச் சொல்லிச் சாமியின் உத்தியோகத்தைக் கெடுக்கிறவர்களோடு வழக்காடுகிறேன்.

சட்டத்தைப் பற்றி இரண்டே வாக்கியம். பொதுத் தெருக்களில் புதிதாகக் கோயிலோ சர்ச்சோ மசூதியோ குருத்வாராவோ அனுமதியில்லாமல் எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29ஆம் தேதி உத்தரவிட்டது. நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று அதே நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது. இரண்டும் அருமையான உத்தரவுகள். இரண்டையும் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம், நடைபாதையில் இடம் இருந்தால்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. சில தெய்வங்கள் சாலைக்கு வரவில்லை. சாலை அவற்றிடம் வந்தது. எல்லையம்மன், செல்லியம்மன், ஏரிக்கரை ஐயனார் எல்லாம் அப்படி. சேக்காடும் சுற்றுப்புறமும் வயலும் ஏரியுமாக இருந்த காலத்தில் ஊரின் ஓரத்தில் காவல் நின்றவர்கள் அவர்கள். ஐயனார் ராத்திரியில் குதிரை ஏறி எல்லையைச் சுற்றி வருவார் என்று ஜனங்கள் மண்குதிரை செய்து வைத்தார்கள். ஊர் வளர்ந்து அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. எல்லையம்மனுக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய வேப்பமரத்தைச் சுற்றி ரோடு போட்டால் ரோடு கொஞ்சம் வளைந்துதான் போகட்டும். இஞ்ஜினியர்களுக்கு நேர்கோடு மட்டும்தான் தெய்வமா? ஆனால் ரோடு போட்டு, நடைபாதைக்குக் கல் பதித்து, காண்டிராக்டர் பில் பாஸான பிறகு ஒரு ராத்திரியில் முளைத்த விநாயகருக்கு இந்த வாதம் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் லாபம் முளைத்தவருக்குத்தான், நஷ்டம் எல்லையம்மனுக்கு.

"பிரதிஷ்டை செய்த சாமியை நகர்த்தலாமா? தெய்வக் குற்றம் ஆகாதா?" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனால் கோயிலைத் திருப்பணி செய்யும்போது பாலாலயம் என்று செய்கிறார்களே, அது என்ன? மூர்த்தியின் சக்தியை வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப எழுந்தருளச் செய்கிற முறைதானே? சாமியை மரியாதையாக இடம் மாற்றுவதற்கு ஆகமத்திலேயே வழி இருக்கிறது. அதெல்லாம் பெரிய கோயிலுக்குத்தான் என்றால், அதற்கும் பூண்டியில் பதில் இருக்கிறது. நான் மேலே சொன்ன திருவெண்பாக்கத்துக் கோயில் இன்று பழைய இடத்தில் இல்லை. சென்னைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்தைக் கட்டி 1944இல் முடித்தார்கள். பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போயிற்று. ஊன்றீசுவரரையும் மின்னொளி அம்பாளையும் கொம்பு குறைந்த நந்தியையும் பூண்டிக்கு எழுந்தருளச் செய்து வேறு கோயில் கட்டினார்கள். சுந்தரர் பாடின சுவாமி, பட்டணத்துக்காரன் தாகத்துக்காகத் தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். குருடனுக்குக் கோலைக் கொடுத்தவருக்கு இது பெரிய காரியமா? அவரே நகர்ந்தபோது, போன வருஷம் சிமெண்டு பூசின விநாயகர் ஆறடி தள்ளி, பக்கத்துப் புறம்போக்கிலோ, பக்தர் யாராவது கொடுக்கிற சொந்த மனையிலோ போய் உட்கார மாட்டேன் என்று சொல்லுவாரா? சொல்லுகிறவர் விநாயகர் அல்ல. பக்தர்கள் பொது இடத்தைக் கொடுப்பதில் கர்ணர்களாக இருக்கிறார்கள். சொந்த மனையில் மூன்றடி கேட்டால் மகாபலிக்கு நேர்ந்த கதி ஞாபகம் வந்துவிடுகிறது.

வருஷா வருஷம் புரட்டாசியில் திருப்பதிக் குடைகள் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, யானைகவுனி தாண்டி, வில்லிவாக்கம், பாடி, திருமுல்லைவாயில், திருவள்ளூர் என்று போகின்றன.  அந்தக் குடைகள் நடந்துதான் போகின்றன; மனிதர்கள் தோளில். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு போகிறவர்களும் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நடந்துதான் போகிறார்கள், ராத்திரியில், செருப்பில்லாத காலோடு. வழியெல்லாம் வழித்துணைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டிருப்பதால், முருகனுக்குப் போகிற பக்தன் பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு லாரிக்கு முன்னே இறங்குகிறான். தம்பியைப் பார்க்கப் போகிறவனுக்குத் தமையன் செய்கிற உபசாரம் இதுதானா என்று நான் கேட்கவில்லை. பிள்ளையார் அப்படிப்பட்டவர் அல்லர். மரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் கூரைகூட இல்லாமல் இருந்து பழகியவர். நகரச் சொன்னால் மூஞ்சூறு மேல் ஏறிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரை உள்ளே வைத்துக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள்தான் விட மாட்டார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறீர் என்பீர்கள். நடைபாதை என்றால் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. ஏறத்தாழ ஆறடி. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உராயாமல் போகலாம், சக்கர நாற்காலி போகலாம், சுமைக்காரி போகலாம். அந்த ஆறடிக்கு வெளியே எந்த வழிச்சாமியும் இருக்கட்டும். நானே விளக்கு ஏற்றுகிறேன். ஆனால் அந்தச் சாமி ராத்திரி முழுவதும் சாலைக்கு வெளிச்சம் போட வேண்டும். வெயில் காலத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைக்க வேண்டும். கிழவர்கள் உட்கார ஒரு கல் மேடை வேண்டும். உண்டியல் பணத்தில் முதல் செலவு அதுதான். திருவெண்பாக்கத்து அம்மனும் சுமைதாங்கி நட்ட குடும்பங்களும் செய்த காரியத்தில் பத்தில் ஒரு பங்கு.

சென்ற மாதம் நாலு இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். முக்கில் வழித்துணை விநாயகருக்கு மண்டபம் எடுக்கிறார்களாம். நல்ல பிள்ளைகள், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"மண்டபம் எடுத்த பிறகு நடக்கிறவர்களுக்கு எத்தனை அடி விடுவீங்க, தம்பி?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாமி விஷயத்துல அடிக் கணக்கெல்லாம் பார்க்கலாமா, சார்?" என்றான் மூத்தவன்.

"ஆறடி விட்டுப் பிளான் போட்டுக்கொண்டு வாங்க. நான் ஐயாயிரம் எழுதுகிறேன்" என்றேன்.

கூட வந்தவர்களில் கடைசியாக நின்றிருந்த பையன், ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஏதோ கோடு போட்டுப் பார்த்தான். பிறகு, "அண்ணா, ஆறடி விட்டா மேடையே வராதே" என்றான் மெதுவாக.